கல்லெழுத்தும் கண்ணாடிச் சட்டமும்

கல்லில் வெட்டியது நிற்கிறது. காகிதத்தில் பதிந்தது கரைகிறது. இயற்கையின் நியதி இது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால், கல்லில் வெட்டுவித்தவர் யார், யாருக்காக வெட்டினார்கள், காகிதத்தில் பதிந்து கரைகிறதே, அது யாருடைய முகம் என்று கேட்கத் தொடங்கிவிட்டால் எழுந்து போக மனம் இடம் தராது.

உத்திரமேரூர் என்றதும் படித்தவர் நாவில் முதலில் வருவது குடவோலை. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட எழுத்துகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. முப்பது குடும்புகள், குடும்புக்கொரு கட்டு ஓலை, ஓலையில் பெயர், ஓலைகள் குடத்தில், குடத்திலிருந்து எடுப்பவன் விவரமறியாச் சிறுவன். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் வரக்கூடாது, அவன் சுற்றத்தாரும் வரக்கூடாது என்று ஒரு விதி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு நெறியா என்று வியக்கிறோம். வியக்கத் தக்கதுதான், மறுக்கவில்லை.

ஆனால், அதே கல்லில் அடுத்த வரிகளும் இருக்கின்றனவே! பெயர் ஓலையில் ஏறவேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மந்திர பிராமணம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனானால் அரைக்கால் வேலி நிலமே போதுமாம்! ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். அங்கே ஏர் பிடித்தவன் பெயர் எந்த ஓலையில் ஏறியிருக்கும்? நாற்று நட்டவள் பெயர் எந்தக் குடத்தில் விழுந்திருக்கும்? வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் பெருமையுடன் குறிக்கும் அந்தப் பேரேரியின் கரையை, கூடை கூடையாக மண் சுமந்து உயர்த்தியவர்களின் முகம் எப்படி இருந்தது? கல்லுக்குத் தெரியாது. கல்லைக் கேட்டுப் பயனில்லை.

அவர்கள் முகம் முதன்முதலாக ஏறியது கல்லில் அன்று, காகிதத்தில். நிழற்படப் பெட்டி சிற்றூருக்கு வந்த பிறகுதான் நிலமற்றவனும் தன் உருவத்தைத் தன் பிள்ளைக்கு விட்டுச் செல்ல முடிந்தது. அரசனுக்குச் சிலை, ஆண்டவனுக்குக் கோயில், ஆண்டைக்குப் பட்டயம் என்றிருந்த நாட்டில், உழைப்பாளிக்குக் கிடைத்த ஒரே பட்டயம் சுவரில் தொங்கும் அந்த ஒரு சாண் படம். அந்தப் பட்டயத்தைத்தான் ஐப்பசி மழையும் கார்த்திகை ஈரமும் ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கின்றன.

இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லித்தருகிறேன். வரலாற்றுப் பாடத்துக்காக, அவரவர் வீட்டிலுள்ள பழைய படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வரும்படி மாணவரிடம் சொன்னேன். குறிப்புகள் வந்தன. ‘தாத்தா படம் இருந்தது, பூஞ்சணம் பிடித்ததால் எறிந்துவிட்டோம்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். ‘பாட்டி முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது’ என்றாள் ஒருத்தி. ‘அம்மாவின் கல்யாணப் படம் முழுவதும் சிவப்பாகிவிட்டது’ என்றாள் இன்னொருத்தி. வீடு வீடாகச் சென்று பார்க்கலானேன்.

அப்படிச் சென்ற வீடுகளில் ஒன்று, எண்பத்தைந்து வயதை எட்டிய மூதாட்டியின் வீடு. மண்சுவரில் ஆணியடித்து மாட்டிய சட்டத்துக்குள் 1958ஆம் ஆண்டு நடந்த அவரது திருமணப் படம். புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை. மாலையும் கழுத்துமாக இருவர். பக்கத்தில் ஒலிபெருக்கியின் முன் வாழ்த்திப் பேசும் கழகத் தோழர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த படக்காரர் எடுத்ததாம். இன்று மணமகளின் முகம் தெரிகிறது. மணமகன் முகம் இருந்த இடத்தில் சிலந்தி வலை பின்னியதுபோல் வெண்பூஞ்சணம்.

“அய்யர் இல்ல, அக்கினி இல்ல. இந்தப் படந்தாம்மா எனக்குச் சாட்சி” என்றார் அவர். “பங்காளிங்க வந்து, ‘அது ஒரு கல்யாணமா?’ன்னு கேக்கறப்போ எல்லாம் இதத்தான் காட்டுவேன். இப்ப அவரு மூஞ்சியே போயிட்டுது. இதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்கா டீச்சரம்மா?”

சாட்சி என்று அவர் சொன்னது வெறும் சொல்லலங்காரமன்று. 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வர். அன்று தொடங்கி நாடெங்கும் ஆயிரமாயிரமாக நடந்த அத்திருமணங்களைச் சட்டம் ஏற்கவில்லை. 1953ஆம் ஆண்டு, சடங்கின்றி நடந்த அப்படியொரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்ற பிறகு, 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அவை செல்லுபடியாயின. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அச்சட்டம் கூறிற்று. அதாவது, இந்த அம்மையார் மணம் செய்துகொண்டு ஒன்பதாண்டுக் காலம், சட்டத்தின் கண்ணுக்கு அவர் மனைவியில்லை! அந்த ஒன்பதாண்டுகளும் அவர் கையில் இருந்த ஆவணம் எது? அந்தப் படம். மன்றம் ஏற்காததை அந்தச் சுவர் ஏற்று வைத்திருந்தது. அப்படிப்பட்ட படம் பூஞ்சணத்துக்கு இரையாகிறது என்றால், போவது ஒரு காகிதம் மட்டுமா?

போவதற்குக் காரணம் என்ன? அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். இறந்தவர் ஆவி அமைதி பெறவில்லை, பரிகாரம் செய்ய வேண்டும் என்றார் மற்றவர். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய தலைமுறை ஒன்று இருந்தது. அதன் பேரப்பிள்ளைகள் இன்று நாளுக்கு நூறு படம் எடுக்கிறார்கள், யார் ஆயுளும் குறைந்ததாகக் காணோம். ஆயினும் படம் கெட்டால் மட்டும் பழைய அச்சம் எட்டிப் பார்க்கிறது! விதியென்று பெயரிட்டுவிட்டால், காரணம் தேடும் வேலை மிச்சமாகிறதல்லவா?

காரணம் கண்ணுக்கெட்டிய இடத்தில்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பது வெறும் காகிதமன்று. காகிதத்தின்மேல் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் ஜெலட்டின் என்னும் மெல்லிய பசைப் படலம். அந்தப் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள். வெள்ளித் துகள்தான் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் உருவம். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது அது. ஆசாரம் குன்றாத இல்லங்களின் பூசையறையில் வீற்றிருக்கும் ஆசாரியர்களின் அந்நாளைய நிழற்படமும் அந்தப் பசையின்மேல்தான் அருள் பாலிக்கிறது! அதுகிடக்கட்டும்.

ஜெலட்டின் நீரை விரும்பும் பொருள். காற்றில் ஈரம் மிகும்போது உறிஞ்சி உப்பும். வெயில் வந்தால் உலர்ந்து சுருங்கும். கீழேயுள்ள காகிதம் ஓர் அளவில் நீள, மேலேயுள்ள படலம் வேறோர் அளவில் நீள, படம் சுருள்கிறது, நாளடைவில் வெடிக்கிறது. உப்பி மெத்தென்றான ஜெலட்டின்மேல் கண்ணாடி நேராக அழுந்தியிருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், எங்கும் மிதந்துகொண்டிருக்கும் பூஞ்சண வித்துகள் முளைவிடும். ஜெலட்டின் அவற்றுக்கு அறுசுவை உணவு. வெள்ளித் துகளும் சும்மாயிராது. ஈரமும் காற்றிலுள்ள மாசும் சேர்ந்து அதை அரிக்க, அரிபட்ட வெள்ளி மேற்பரப்புக்கு ஏறிப் படத்தின் ஓரங்களில் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பாகப் படியும். வண்ணப் படத்தில் வெள்ளியில்லை, சாயம்தான். வெப்பத்தாலும் ஈரத்தாலும் நீலச்சாயம் முதலில் வெளுக்க, எஞ்சிய செம்மை மட்டும் தெரிகிறது. எழுபது, எண்பதுகளின் திருமணப் படங்கள் சிவந்துபோன மர்மம் இதுதான். இதில் ஆவிக்கு வேலையில்லை, நீராவிக்குத்தான் வேலை.

பூஞ்சணம் விட்டதைத் தின்ன வருகிறது ஒரு பூச்சி: வெள்ளி நிறம், மீன்போன்ற உடல், மாவுப் பசையென்றால் உயிர். அதற்கு இராமபாணம் என்று பெயர் வைத்த குறும்புக்காரர் யாரோ! சுயமரியாதைத் திருமணப் படத்தைத் துளைக்க இராமபாணமே புறப்பட்டு வருகிறது என்றால், பெயர்ப் பொருத்தத்தை என்னென்பது!

இயற்கை இப்படியென்றால், நம் பழக்கம் அதற்குத் துணைபோகிறது. வழக்கமாகச் சட்டம் போடும் முறையைப் பாருங்கள். படத்தின் முதுகில் மைதாப் பசை, பூச்சி வராதிருக்க அதில் சிறிது மயில்துத்தம், அதை ஒட்டுப்பலகைமேல் அப்பி, மேலே நேராகக் கண்ணாடி, பின்புறம் பழைய செய்தித்தாள், நான்கு இரும்பாணி. ஒவ்வொன்றும் ஒரு பகை. பசை பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் சோறு. மயில்துத்தம் படத்துக்குத் தீங்கு. ஒட்டுப்பலகையும் செய்தித்தாளும் அமிலம் கசிந்து காகிதத்தைப் பழுப்பாக்குபவை. ஆணி துருப்பிடித்துக் கறை இறங்கும். இப்போது வந்துள்ள லேமினேஷன் முறையோ இன்னும் கொடிது: மூலப்படத்தையே மரத்தூள் பலகைமேல் ஒட்டி, பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக்கி அழுத்திவிடுகிறார்கள். சிறைவைத்தாயிற்று, விடுதலையே கிடையாது. சட்டம் போடும் தொழிலாளியைக் குறை சொல்லுவதற்கில்லை. அவர் கேட்ட விலைக்குக் கேட்ட பொருளைச் செய்கிறார். இன்ன பொருள் வேண்டும், இன்ன முறையில் வேண்டும் என்று கேட்கும் அறிவு நமக்கு வரவேண்டும்.

அந்த அறிவு கடினமானதன்று. ஐந்தாறு விதிகள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பாடவேளையில் கற்றுக்கொண்டார்கள்.

முதல் விதி: படத்தில் பசை படக்கூடாது. தடித்த, அமிலமற்ற பருத்தி அட்டையின்மேல் படத்தை வைத்து, நான்கு மூலைக்கும் காகிதத்தை முக்கோணமாக மடித்துச் சிறு பைகள் செய்து, அந்தப் பைகளை மட்டும் அட்டையில் ஒட்ட வேண்டும். படம் பைக்குள் செருகி நிற்கும். விரிய இடமுண்டு, சுருங்க இடமுண்டு. நாளைக்கு வேண்டுமானால் காயமின்றி வெளியே எடுக்கலாம். செல்லோ டேப்பைக் கிட்டே கொண்டுவரலாகாது. மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கறையை விட்டுத்தான் போகும். மூலையில் பிடிமானமற்ற பெரிய படமானால், நீண்ட நாரால் செய்த ஜப்பானியத் தாளைச் சிறு கீலாக வெட்டி, கோதுமை மாச்சத்துப் பசையால் மேல்விளிம்பில் மட்டும் தொங்கவிடுவது அருங்காட்சியகங்களின் வழக்கம். நம் ஊர் ஈரத்துக்குப் பசை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று; ஆகவே மூலைப் பைகளே மேல்.

இரண்டாம் விதி: படத்தில் கண்ணாடி படக்கூடாது. நடுவில் சன்னல் வெட்டிய இன்னோர் அட்டையைப் படத்தின்மேல் வைத்தால், அந்த அட்டையின் கனமே இடைவெளியாகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் போதும். அந்த இரண்டு மில்லிமீட்டர் காற்றுத்தான் உங்கள் பாட்டியின் முகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்கும் காவலன். பார்வைக்கும் அது அழகு. படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வெளி கிடைக்கிறது, கண் ஓய்வுகொள்கிறது.

மூன்றாம் விதி: பின்புறம் அடைக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் பாலியெஸ்டர் தாளோ அலுமினியம் பதித்த தாளோ வைத்து, கண்ணாடி முதல் பின்தாள் வரை எல்லாவற்றையும் ஒரு கட்டாக்கி, நான்கு விளிம்பும் சுற்றிலும் நாடாவால் ஒட்டி, அதற்குப் பிறகே மரச்சட்டத்துக்குள் இறக்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே புகுவது மிக மெதுவாகிவிடும். அடைமழை பத்து நாள் நின்றாலும் உள்ளிருக்கும் படம் அதை அறிய நாளாகும். அதற்குள் வெயில் வந்துவிடும்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளேயிருக்கும் அட்டைகள் எந்த நாளில் எவ்வளவு ஈரத்தைக் குடித்திருந்தனவோ, அந்த ஈரத்தோடுதான் அடைபடும். மழைநாளில் அடைத்தால் மழையையும் சேர்த்தே அடைத்துவிடுகிறோம். வெளியே கோடை வந்த பிறகும் உள்ளே கார்த்திகை நடக்கும்! ஆகவே, தோழர்களே, பகுத்தறிவு பேசும் நானே உங்களை நல்ல நாள் பார்க்கச் சொல்கிறேன். பஞ்சாங்கத்தில் அன்று, ஈரப்பதமானியில். கோடையின் வறண்ட பிற்பகலில், அட்டைகளை நிழலில் பரப்பி நன்கு உலரவிட்டு, முள் ஐம்பதுக்குக் கீழே இறங்கிய வேளையில் அடைத்தால் அதுவே நன்முகூர்த்தம். இராகு காலமாயிருந்தாலும் குற்றமில்லை!

நான்காம் விதி, மாட்டும் இடம். மழைச்சாரல் அறையும் வெளிச்சுவர் ஆகாது; அடுக்களைச் சுவரும் ஆகாது; வெயில் நேரே விழும் சுவரும் ஆகாது. வெயில் பட்டால் சாயம் வெளுப்பது மட்டுமன்று, சூட்டில் அட்டையிலுள்ள ஈரம் கிளம்பிக் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரே சிறந்தது. சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பாட்டில் தக்கையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிட்டால், சட்டம் சுவரைத் தொடாமல் நிற்கும். பின்னால் காற்று ஓடும். ஒரு தக்கைத் துண்டு செய்யும் வேலையை ஓராயிரம் எலுமிச்சம்பழம் செய்யாது.

ஐந்தாம் விதி சொல்லும்போதுதான் சிலர் முகம் சுளிப்பர். சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் அப்பாதீர்கள். ஈர மாலையைச் சட்டத்தின்மேல் வாரக்கணக்கில் தொங்கவிடாதீர்கள். கர்ப்பூரப் புகையையும் எண்ணெய் விளக்கின் கரியையும் படத்துக்கு ஊட்டாதீர்கள். இறந்தவரிடம் அன்பு வேண்டாம் என்பதன்று என் வாதம். அன்பைப் படத்தின்மேல் பூசாமல் படத்தைக் காப்பதில் காட்டுங்கள் என்பதே. தாயின் நெற்றியில் இடுவதாக எண்ணிக் கண்ணாடியில் இடும் ஈரக் குங்குமம், சந்து வழியே இறங்கித் தாயின் முகத்தையே அழிக்கும் என்றால், அந்த வழிபாட்டால் யாருக்கு நன்மை?

ஏற்கெனவே கெட்டுவிட்ட படத்துக்கு என்ன செய்வது? கண்ணாடியோடு ஒட்டியதைப் பிய்க்கக்கூடாது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்துக் கண்ணாடி வழியாகவே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை அடைந்திருக்கும். துடைத்த துணியில் உருவமே வந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு, பூஞ்சணம் பொடியான பிறகு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வெளித்திண்ணையில் வைத்துத் தட்ட வேண்டும். மூதாட்டியின் படத்துக்கு அவ்வாறே செய்தோம். போன முகம் முழுவதும் திரும்பவில்லை. கண்ணும் மீசையும் தெரிகின்றன. நகல் எடுத்துப் பெரிதாக்கிச் சுவருக்குத் தந்தோம். மூலத்தைப் பாலியெஸ்டர் உறையிலிட்டு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், உலர்த்திய சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தோம். மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சூடேற்றி உலர்த்தி மீண்டும் இடலாம். அந்துருண்டை மட்டும் உள்ளே போடலாகாது. சுவருக்கு நகல், பெட்டிக்கு மூலம். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஏற்பாடு இதுவே.

இதையெல்லாம் சிலர், ‘பணம் படைத்தவர் பொழுதுபோக்கு’ என்பர். அவர்களுக்கு ஒரு செய்தி. 1856ஆம் ஆண்டு, லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். ஈராண்டுக்குள் சீரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை எனச் சுற்றி, கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இராசராசன் கல்லுக்கு இட்ட எழுத்து, வெள்ளையர் ஆட்சியில் காகிதத்துக்கும் ஏறியது. டிரைப் எடுத்த படங்கள் இலண்டன் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் ஈரமும் வெப்பமும் அளந்து காக்கப்படுகின்றன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாசிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் சட்டமிட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. மகிழ்ச்சியே. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் காகிதம் வாழும் என்பதற்கு அவை சான்று. ஆனால், காவல் கிடைத்த காகிதம் எது என்பதையும் பாருங்கள். அரசன் கல்வெட்டு, அதை எடுத்தது அரசாங்கம், அதைக் காப்பது அருங்காட்சியகம். அந்த அடித்தளத்தின் கல்லைச் சுமந்தவன் வழிவந்தவளின் திருமணப் படத்துக்குக் காவல் யார்?

நாம்தான். வேறு யார் வருவார்? முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர் ரோஜா முத்தையா, நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், அந்தச் சேர்க்கையே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தமிழகத்துப் பழைய படநிலையங்களின் படங்களைத் தேடி, நகலெடுத்துக் காக்கும் முயற்சி ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் நடந்திருக்கிறது. ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுத் தமிழ் இலக்கியத்தில் பாதியை இழந்த இனம் நாம். கெட்ட படத்தைக் குப்பையில் போட்டால் பாவம் என்று மரத்தடியில் சாய்த்துவிட்டு வருகிறோமே, அது அந்த ஆடிப்பெருக்கின் மிச்சமல்லவா?

காப்பதோடு நிற்கக்கூடாது, காட்டவும் வேண்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தி, நாற்று நடும் தன் தாயைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தாள். குனிந்த முதுகு, சேற்றில் புதைந்த கால், விரலிடுக்கில் பச்சை நாற்று, பின்னால் ஏரிக்கரை. கண்டவர் கண் நகரவில்லை. பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டு வாங்கினோம். சாய மை மலிவு. ஆனால் ஈரக்காற்றில் கசிந்து பரவும் இயல்புடையது. நிறமி மை தாங்கும். மாணவரே சன்னல் அட்டை வெட்டினர், மூலைப் பை மடித்தனர், முள் இறங்கும் வரை காத்திருந்து அடைத்தனர், தக்கை ஒட்டினர். வகுப்பின் உட்சுவரில் படம் ஏறிற்று.

பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “படம் மாட்டணும்னா சரசுவதி படம் மாட்டக்கூடாதா? சேத்துல நிக்கிற பொம்பளையையா மாட்டுவாங்க?” மாணவி பதில் சொன்னாள்: “இவங்க எங்க அம்மா, தாத்தா. இவங்க நட்டாத்தான் எல்லாரும் சாப்பிட முடியும்.” பெரியவர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, யார் நிலம் அது என்று கேட்டார். பேச்சு நிலத்தைப்பற்றித் திரும்பிற்று. சுவரில் ஒரு படம் ஏறியதும் இத்தனை நாள் கேட்கப்படாத கேள்வி ஒன்று வகுப்புக்குள் வந்து நின்றதை அன்று கண்டேன். கலையென்பது அந்த வேலையைச் செய்யாவிட்டால் வேறென்ன செய்யப்போகிறது?

வரும் கோடையில் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஒரே ஒரு படத்தை இறக்குங்கள். பின்புறத்து ஆணியைக் கழற்றுங்கள். உள்ளேயிருக்கும் செய்தித்தாளை அகற்றுங்கள். படத்தின் முதுகில் அல்ல, அதனுடன் வைக்கும் தனித்தாளில், யார் இவர், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். பெயரில்லாத முகம் பாதி அழிந்த முகம். பிறகு பருத்தி அட்டை, மூலைப் பை, இரண்டு மில்லிமீட்டர் காற்று, அடைத்த விளிம்பு, இரண்டு தக்கை. ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். படிப்பகந்தோறும் ஒரு ஈரப்பதமானியும், அட்டை வெட்டும் கத்தியும், கற்றுக்கொடுக்க ஓர் இளைஞரும் இருக்கச் செய்வது பெரிய காரியமா?

குடத்துக்குள் விழாத பெயர்கள் ஏராளம். இனிமேல் கல்லில் அவற்றை வெட்ட முடியாது. வெட்டினாலும் அன்று விடுபட்டது விடுபட்டதுதான். அவற்றின் பேரப்பிள்ளைகளின் முகம் மட்டும் காகிதத்தில் நம் கையில் இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் சட்டத்தை மாற்றுங்கள்.